கெண்டியைத் தூக்கிய நரம்பு

அன்புள்ள அண்ணா,

ஊருக்கும் உலகுக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று மதியம் நம் வீட்டுத் தேநீர்க் கெண்டி இரண்டு விரற்கடை உயர்ந்தது.

சுரங்கத்தில் உன் கை நசுங்கி விளங்காமல் போனது; அதை வைத்து விளையாடாதே என்று பிஷ்கெக்கிலிருந்து எழுதியிருந்தாய். விளையாடுவேன். உன் தூண்டில் நைலான் நரம்பைத் திருடி, சுருள் விழும்வரை முறுக்கி, ரொட்டி அடுப்பில் சுட்டு, கம்பளிக் கையுறையில் தைத்தேன். சூடு காட்டினால் நரம்பு சுருங்கி விரலை மடக்கும்.

“மீன் சிக்கலன்னு நரம்பையே வறுக்குறியாடா?” என்றார் அப்பா.

“ரொட்டியெல்லாம் நைலான் நாத்தம்!” என்றாள் அம்மா.

கையுறையை மாட்டி, கெண்டியின் பிடியில் விரலைக் கொடுத்து, ஹேர் டிரையரைக் காட்டினேன். கெண்டி எழுந்தது.

ஆனால் அண்ணா, என் விரலும் கொஞ்சம் உதவிவிட்டது. எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. தானாக மடங்காத உன் விரலில் மாட்டினால்தான் தெரியும். வந்துவிடு.

உன் திருட்டுத் தம்பி