அக்கா கேட்ட அர்த்தம்

எனக்கு எப்போதும் ஒரு படி முன்னால் நடந்த கலா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். நான் என்னைப் பற்றிய கெட்டதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்தவரை உன்மேல் எனக்குப் பொறாமைதான்.

நர்சிங் படித்தவள் நான். நீ பத்தாவதோடு நின்று, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் கஃபேயில் வேலைக்குப் போனாய். ஒருநாள் கீழ்பென்னாத்தூர் வீட்டில் நான் பாடத்தை உரக்கப் படிக்க, நீ வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "பினியுமோனியா இல்லடி, நியுமோனியா. முதல் எழுத்து எழுதுறதுக்குத்தான், சொல்றதுக்கில்ல" என்றாய். கஃபேக்கு வரும் ஒரு டாக்டரம்மா பேசக் கேட்டாயாம். ஒருமுறை காதில் விழுந்தால் போதும், உன் நாக்கு பிடித்துக்கொள்ளும். அப்பா சிரித்தார்: "நர்ஸுக்குப் படிக்கிறது இவளா, அவளா?" அன்று நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னது பொய்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, உன் இமைகள் தொங்க ஆரம்பித்தன. சாயந்திரமானால் பேச்சு குழறியது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். திருப்பிச் சொல்ல நான் தடுமாறினேன். நீயோ தெளிவாக, "மயஸ்தீனியா கிரேவிஸ்" என்றாய். டாக்டர் உன்னைப் பார்த்து, "நீங்கதான் நர்ஸாம்மா?" என்றார். உனக்கு நோய் என்று தெரிந்த அந்த நிமிஷத்திலும் எனக்கு எரிந்தது அக்கா. என்ன பிறவி நான்?

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய்: "அதுக்கு அர்த்தம் இன்னாடி?"

எனக்குத் தெரியும். "பேரு சொல்லத் தெரியுது, அர்த்தம் தெரியலியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன்னிடம் இல்லாத ஒன்று முதல்முறையாக என்னிடம் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் நீ சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் சொன்னேன்: தசைகள் சோர்ந்துபோகும், கடுமையான நோய்தான், ஆனால் மருந்து இருக்கிறது.

"புத்துநோய்னு நெனச்சிட்டேண்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். திட்டக்கூட இல்லை.

பிறகு காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, டூட்டி டாக்டர் ஒரு ஊசி எழுதினார். நீ நோயின் பெயரைச் சொல்லப் பார்த்தாய். நாக்கு எழவில்லை. என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரியாமல் நான் நூறு தடவை சொல்லிப் பழகியிருந்தேன். உன்னை ஜெயிக்கத்தான். பிசகாமல் சொன்னேன். "நல்லவேள சொன்னீங்க, இந்த ஊசி அவங்களுக்கு ஆகாது" என்று அவர் மருந்தை மாற்றினார். நீ கண்ணாலேயே சிரித்தாய்.

அந்த முறை பிழைத்தாய். அடுத்த முறை மூச்சுவிடும் தசைகளே சோர்ந்துவிட்டன. பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்து என்ன பயன்?

போன வாரம் என் வார்டில் ஒரு பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். "எபிஸ்டாக்சோ என்னமோ எழுதிக்கீறாங்களாம். பொழைப்பனாம்மா?"

"எபிஸ்டாக்சிஸ். மூக்குல ரத்தம் வர்றதுக்குத்தாங்க அந்தப் பேரு."

"அவ்ளோதானா! அதுக்கு இம்மாம் பெரிய பேரா?"

வார்டே சிரித்தது. அந்தம்மா என் கன்னத்தைத் தடவினார். நீ அங்கே இருந்திருந்தால், ஒருமுறையாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பாயா? மாட்டாய். அதுவும் எனக்குப் பொறாமைதான்.

இனி யார் அர்த்தம் கேட்டாலும் அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன் அக்கா. இது சத்தியம்.

இப்படிக்கு,
எரிச்சல் இன்னும் அடங்காத உன் ஒரே தங்கச்சி,
வசந்தி