உன் லாக்கரில் இருந்த ஜாக்கெட்

மச்சான், இன்று காலை உன் லாக்கரை உடைத்தார்கள். கேம்ப் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. சாவி உன்னோடு தண்ணீரில் போய்விட்டதால் இத்தனை வருடம் யாரும் அதைத் தொடவில்லை. பூட்டை வெட்டியதும் பிளாஸ்டிக் வாடை ஒன்று வந்தது. மேலே உன் யூனிஃபார்ம், மடித்தபடி. அதற்கடியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். துளி ஈரமில்லை. வாரில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெள்ள நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரநாளில் நீ போர்ட் கிள்ளானில் கொண்டேனர் லோரி ஓட்டுவாய், நான் கிடங்கில் சரக்கு பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் ரிசர்வ் படை. நீ சார்ஜன், நான் ஸ்டோர் சாவிக்காரன். அன்று என் ஸ்டோரில் நான்கு போட் சும்மா கிடந்தன. பத்து நிமிடத் தூரத்தில் ஜனங்கள் கூரைமேல் நின்றார்கள். மாநில அலுவலகத்திலிருந்து ஒருவர் மூன்று முறை ஃபோன் செய்து கெஞ்சினார். கேப்டன் ஒரே பதிலைச் சொன்னார்: "துங்கு டுலு." பொறுங்கள், தலைநகர் கேஎல்லிலிருந்து உத்தரவு வரட்டும்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் அக்காள் வீடும் மூழ்கியிருந்தது. படை கூட்டரசினுடையது, ஒவ்வொரு மாநிலமும் கூப்பிட்டதும் துப்பாக்கிக்காரன் வெளியே வந்தால் நாடு என்னாகும் என்று அவர் கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உனக்குப் படவில்லை.

"கூரமேல நிக்கிறவன் கிள்ளான்காரன். நாமளும் கிள்ளான்காரன். பூட்டு மட்டும் கேஎல்காரனுதா? என்னடா கத இது?" என்று கத்தினாய்.

பிறகு அந்தக் காரியத்தைச் செய்தாய். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றினாய். "இப்ப நான் லோரி டிரைவர்லா. லோரி டிரைவருக்கு எவன் உத்தரவும் வேணாம்." காப்பாரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் தன் போட்டை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவரோடு போகக் கிளம்பினாய்.

போட்டைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. ஒரு ஜாக்கெட்டை எடுத்து, வாரை முடிந்து, உன் கையில் திணித்தேன்.

"எடுத்துட்டுப் போடா. எவன் பாக்கப் போறான்?"

"நீ மாட்டிக்குவ மச்சான்."

"மாட்டுனா மாட்டுறேன். போ!"

சிரித்தாய். சட்டையை வைத்துவிட்டு வருகிறேன் என்று லாக்கர் பக்கம் போனாய். எனக்கு மறுபடி ஃபோன் வந்தது. திரும்பிப் பார்த்தபோது லோரி கிளம்பிவிட்டது.

மூன்று தடவை ஆட்களைக் கொண்டுவந்தாயாம். நான்காவது தடவை போட் கவிழ்ந்தது. மீன்பிடிக்காரர் மரத்தைப் பிடித்துத் தப்பினார். நீ லோரியில் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் கேஎல் உத்தரவு வந்துவிட்டது, மச்சான். ஒரே ஒரு மணி நேரம். நான்கு போட்டும் போயின.

உன்னைக் கண்டெடுத்தபோது உடம்பில் ஜாக்கெட் இல்லை. உன் மனைவியிடம் நான்தான் சொன்னேன்: "நான் குடுத்தேம்மா. எந்தப் பிள்ளைக்கோ கழட்டிக் குடுத்துட்டான்." சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். உன் மகள் அதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாள்.

நீயோ அதைப் போடவே இல்லை. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அடப்பாவி! ஒரு ஜாக்கெட்டுக்கு என்னை என்ன செய்திருப்பார்கள்? நாலு திட்டுத் திட்டியிருப்பார்கள். அதற்காகவா?

மோட்டார் சைக்கிள் கூடைக்குள் ஜாக்கெட் நுழையவில்லை. மாட்டிக்கொண்டே காப்பாரில் உன் வீட்டுக்கு ஓட்டினேன். சிக்னலில் எல்லாரும் பார்த்தார்கள், நல்ல வெயிலில் ஒருத்தன் லைஃப் ஜாக்கெட்டோடு நிற்கிறானே என்று.

உன் மனைவியிடம் ஒன்றும் மறைக்கவில்லை.

"அப்ப எந்தப் பிள்ளைக்கும் குடுக்கலியா, அண்ணே?"

"இல்லம்மா. எனக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னு வச்சிட்டுப் போயிட்டான்."

அவள் அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அவிழ்க்கவில்லை. என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"குடுத்துத்தான் போயிருக்காரு. உங்களுக்கு."

இப்போது அது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஸ்டோர் கணக்கில் இத்தனை வருடமும் ஒன்று குறைவுதான், யாரும் கேட்கவில்லை; கேம்ப் மாறுவதால் இப்போது எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். நாளை கேப்டன் கேட்டால், நான்தான் எடுத்தேன் என்று சொல்லப்போகிறேன், மச்சான். அன்றைக்கே சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.