சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளியிலிருந்து ஒரு பக்கக் கடிதம். இறுதி வகுப்பு மாணவர்கள் மேற்படிப்புக்கான விருப்பப் படிவத்தை மார்ச் 31க்குள் தர வேண்டும். மூன்று படிப்புகள், வரிசைப்படி, சொந்தக் கையெழுத்தில். கீழே வகுப்பாசிரியை பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார்: "அதுவரை வீட்டில் சின்னச் சின்ன முடிவுகளை அவர்களே எடுக்கட்டும். தப்பாகப் போனாலும் குறுக்கே போகாதீர்கள்."

மகள் கடுகிடம் நீட்டினேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவளுக்கு அன்று வைத்த பெயர். பதினேழு வயதாகியும் வீட்டில் அதுதான்.

"என்ன எழுதலாம்னு இருக்க?"

"எதுனாலும் சரிம்மா. நீயே சொல்லு."

பத்திரிகைக்காரி நான்; இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வாயிலிருந்து பதிலைப் பிடுங்குவது என் தொழில். சொந்த மகளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே மேற்கோள் இது.

பிப்ரவரி 12, புதன்

காலையில் செருப்பு அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றாள். கறுப்பா, பழுப்பா. நான் வாயைத் திறந்தேன். அவள் அப்பா என் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். பொறுமை அவருக்குத் தொழிலோடு வந்தது.

"இரு. கதவு தானாத் திறக்கும்."

"அதுக்குள்ள பஸ் போயிடும்."

"போகட்டும். அடுத்தது வரும்."

பழுப்பு. பஸ் போயிருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று அவளுக்கு இயற்பியல் தேர்வு. ஏழே கால் பஸ்ஸுக்குப் பதில் ஏழே முக்கால் போதும் என்று நேற்றே சொல்லியிருந்தாள். ஏழே முக்கால் பஸ் பாலம் வேலை முடியும்வரை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் செய்தியை எழுதியதே நான். நாக்கைக் கடித்துக்கொண்டு அவளுக்குக் கையசைத்தேன்.

மாலையில் வந்து பையை வீசினாள். பாதித் தேர்வு முடிந்த பிறகுதான் உள்ளே போயிருக்கிறாள். மறுபடி எழுத விடச் சொல்லி அவளே ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள். முடியாது என்றுவிட்டார்.

"பஸ் சுத்திப் போகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"நீ கேக்கல."

முறைத்தாள். அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "உன்ன மாதிரி அம்மா யாருக்கும் வேணாம்." பிறகு எல்லா பஸ்களின் நேரத்தையும் விசாரித்து ஒரு தாளில் எழுதி வாசற்கதவில் ஒட்டினாள். மூன்று நேரங்களில் ஒன்று தப்பு. ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கூடத்துக்குத் திரைச்சீலை வாங்கி வந்தாள். ஆரஞ்சு. தாங்க முடியாத ஆரஞ்சு. பழகிவிடும்.

மார்ச் 15, சனி

சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

போன வாரம் வகுப்போடு ஒரு கல்லூரிப் பட்டறைக்குப் போனார்களாம். செயற்கைக் கால் செய்கிற இடம். லாரி ஓட்டுநர் ஒருவர் புதுக் காலைப் போட்டு நடந்து பார்த்திருக்கிறார். வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். செய்தவர் அதைக் கழற்றி உள்பக்கம் கொஞ்சம் இழைத்து மறுபடி மாட்டியிருக்கிறார். மறுபடி நடை, மறுபடி வலி. இப்படி ஆறு தடவை.

"ஏழாவது தடவ அவர் பாட்டுக்கு நடந்து வாசல் தாண்டிப் போயிட்டாரும்மா. ஃபார்ம்ல கையெழுத்துகூடப் போடல. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் அழுகையா வந்துச்சு."

தட்டில் மீதிச் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள்.

"அந்தப் படிப்ப முதல்ல எழுதலாம்னு இருக்கேன்."

பதினேழு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் "இருக்கேன்". நான் "நல்லது" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டிப் பாராட்டினார்.

இந்த ஊரில் அந்தப் படிப்பு அந்த ஒரே கல்லூரியில்தான். இருபது இடம். நேர்முகத் தேர்வு, கைவேலைத் தேர்வு இரண்டும் உண்டு.

மார்ச் 18, செவ்வாய்

பொறுக்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்து அந்தக் கல்லூரி முதல்வரைக் கூப்பிட்டேன். நாலு நிமிடம். வருடத்துக்கு எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள், எங்கே வேலை, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள். பழக்க தோஷம், என் பெயரையும் பத்திரிகைப் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

"செய்திக்கா மேடம்?"

"இல்லல்ல. என் பொண்ணு விண்ணப்பிக்கப் போறா. சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். பொண்ணு பேரு?"

சொன்னேன்.

பதில்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. முடித்தவர்களில் வேலையில்லாமல் யாரும் இல்லையாம். மனம் லேசாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 30, ஞாயிறு

படிவத்தை நிரப்பினாள். முதலில் செயற்கைக் கால், இரண்டாவது இயன்முறை மருத்துவம், மூன்றாவது கணிதம். ஒரு அடித்தல்கூட இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேர்முகத் தேர்வு. தனியாகத்தான் போனாள். மத்தியானம் போனில் குரல் துள்ளியது.

"அஞ்சே நிமிஷம்மா! மத்தவங்க எல்லாம் முக்கால் மணி நேரம் உள்ள இருந்தாங்க. பிளாஸ்டர்ல பாதம் செய்யச் சொன்னாங்களாம், அரம் குடுத்துத் தேய்க்கச் சொன்னாங்களாம். எனக்கு ஒன்னுமே இல்ல. என்னப் பாத்ததுமே பிடிச்சுப் போச்சு போல."

"என்ன கேட்டாங்க?"

"பேரு, ஸ்கூல். அப்புறம் முதல்வர், அம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டார். உன்னத் தெரியுமா அவருக்கு?"

வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பட்டியல் வந்தது. மூன்றாம் இடம். அவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். என்னுடையது கிண்ணத்திலேயே உருகியது.

ஏப்ரல் 25, வெள்ளி

என்ன பண்ணித் தொலச்சேன்? நான் எதுவும் கேக்கலயே. ஒரு வார்த்தைகூட சிபாரிசா சொல்லலயே. சொல்லலதான் — ஆனா இருபத்தாறு வருஷமா பத்திரிகைல இருக்கறவ ஒரு முதல்வரைக் கூப்பிட்டு, என் பொண்ணு பேரு இதுன்னு சொன்னா அவர் என்னன்னு எடுத்துக்குவார்? இது எனக்குத் தெரியாதா? வேற யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நான் நாலு பத்தி எழுதியிருப்பேன்.

அந்த வரிசையில் அவளால் பின்னால் தள்ளப்பட்ட ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ கூப்பிட்டா யாருமே சும்மான்னு எடுத்துக்க மாட்டாங்க. கேஸ் சிலிண்டருக்குக் கூப்பிட்டாகூட பயந்துகிட்டு மறுநாளே கொண்டு வந்து போடறான்."

"சொன்னா அவ ஒடஞ்சு போயிடுவா."

"அந்த முடிவையும் நீயே எடுத்துட்டியா?"

ஏப்ரல் 26, சனி

காலை ஒன்பதரைக்குச் சொன்னேன். அவள் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை குனிந்தபடியே இருந்தாள்.

"எத்தன நிமிஷம் பேசுன?"

"நாலு."

"எனக்கே அஞ்சு நிமிஷம்தான் குடுத்தாங்க."

லேஸை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அப்போ அந்த மூணாவது எடம் உன்னோடது. நீ போய் சேந்துக்கோ."

"கடுகு, இப்பவே அவரைக் கூப்பிட்டு—"

"போனைத் தொடாதம்மா!"

இவ்வளவு பெரிய குரல் அவளுக்கு உண்டென்று இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள்

வீட்டில் பேச்சில்லை. அப்பாவிடம் உப்பு கேட்கிறாள். உப்பு என் பக்கத்தில் இருக்கிறது.

பத்திரிகை ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அந்தக் கல்லூரி பற்றிய எந்தச் செய்தியையும் எனக்குத் தர வேண்டாம் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, இத்தன வருஷம் கழிச்சு நீயே செய்தியாயிட்டியா?" சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாலை அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒட்டிய உறை.

"முதல்வருக்கு. நானே எழுதினேன். உங்க ரெண்டு பேருக்கும் காட்டப் போறதில்ல. ஆனா என்ன எழுதியிருக்கேன்னு சொல்றேன்."

மற்றவர்களுக்கு வைத்த அதே தேர்வைத் தனக்கும் வைக்க வேண்டும், அதுவரை மூன்றாம் இடத்தை எடுத்துவிட வேண்டும், பிறகு எந்த இடம் வருகிறதோ அதுதான் தன் இடம் என்று எழுதியிருக்கிறாள்.

"எடமே கிடைக்காமப் போச்சுன்னா?" கேட்டது அவர். நான் இல்லை.

"அதையும் யோசிச்சேன்பா. மூணு நாளா அதத்தான் யோசிச்சேன். விட்டா என்னென்ன போகும்னு ஒரு தாள்ல எழுதினேன். நிறைய வந்துச்சு. அப்படியே சேந்தா என்னாகும்னு இன்னொரு தாள்ல எழுதினேன். ஒரே ஒரு வரிதான். தினமும் காலைல அந்த மனுஷன் என்னப் பாத்து, அம்மா நல்லா இருக்காங்களான்னு கேப்பார். நாலு வருஷம் என்னால முடியாதுப்பா."

அவர் சிரித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆரஞ்சுத் திரையில் முகத்தைத் துடைத்தேன்.

தபால் பெட்டிவரை அவளே போனாள்.

மே 7, புதன்

அவள் கடிதத்தை ஏற்று, வேறு மூன்று ஆசிரியர்கள் தேர்வு வைத்தார்கள். ஐம்பது நிமிடம். தலைமுடியில் பிளாஸ்டர் தூளோடு வந்தாள். எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குளிக்கப் போனவள் உள்ளே பாடினாள், அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

மே 12, திங்கள்

முப்பத்தொன்றாம் இடம்.

அறைக்குள் அப்பாவின் சட்டையில் முகம் புதைத்து அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவில்லை. உள்ளே வரச் சொல்ல அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

"பாதம் கோணலா வந்துச்சும்மா. அரத்த எப்படிப் பிடிக்கறதுன்னே எனக்குத் தெரியல. பக்கத்துப் பையன் அப்படியே வெண்ணெய் மாதிரி இழைச்சான்."

"உன்ன இப்படிப் பண்ணது நான்தான்."

"ஆமா." கண்ணைத் துடைத்தாள். "ஆனா கோணல் என்னோடது."

பக்கத்தில் உட்கார இடம் விட்டாள். தலையை என் தோளில் வைத்தாள். பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொடுத்தபோது ஒன்றரைக் கிலோ. இன்று தோள் மரத்துப்போயிற்று. அசையவில்லை.

மே 19, திங்கள்

இரண்டாவது விருப்பத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இயன்முறை மருத்துவம், நல்ல கல்லூரி. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஐந்து நாள் எடுத்துக்கொண்டாள். அங்கே படிக்கிற இரண்டு பெண்களைத் தேடிப்பிடித்துப் பேசினாள். பட்டறைக்கும் போய் ஒரு முழுநாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள்.

இன்று சொன்னாள். வேண்டாம் என்று எழுதிவிட்டாளாம். அதே பட்டறையில் ஒரு வருட உதவியாளர் பயிற்சி இருக்கிறது. அதற்குத் தேர்வு கிடையாது. அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அடுத்த வருடம் மறுபடி எழுதப் போகிறாள். அப்போதும் கிடைக்காவிட்டால் இயன்முறை மருத்துவத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாமா என்பதையும் கேட்டு வைத்திருக்கிறாள். விண்ணப்பிக்கலாம். இடத்துக்கு உறுதி இல்லை.

ஒரு வருடம் வீணாகாதா என்பது என் தொண்டைவரை வந்துவிட்டது.

"சொல்லாதம்மா. மூஞ்சில எழுதியிருக்கு."

"மூஞ்சியக் கழுவிட்டு வரட்டுமா?"

சிரித்தாள். ஏப்ரல் 26க்குப் பிறகு என்னைப் பார்த்து இதுதான் முதல் சிரிப்பு.

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். நாள் முழுக்கத் தரை பெருக்கினாளாம்.

ஜூலை 9, புதன்

இடது கட்டைவிரலில் கட்டு. அரம். "சின்னதுதான்" என்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரவு உணவுக்கு உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அம்மா, ஒன்னு கேக்கணும். முடிவ நான்தான் எடுப்பேன். ஆனா நீ என்ன நினைக்கறேன்னு எனக்குத் தெரியணும்."

பட்டறையில் அடுத்த ஆறு மாதத்துக்குப் பெரியவர்கள் பிரிவு, குழந்தைகள் பிரிவு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரியவர்கள் என்றேன். அங்கே வருகிறவர்கள் அதிகம், கைக்குப் பழக்கம் சீக்கிரம் வரும், அடுத்த தேர்வுக்கு அது உதவும். கடைசிவரை கேட்டாள். இரண்டு கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள், ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. தாங்க்ஸ்மா என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

குழந்தைகள் பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

"நான் சொன்னது தப்பா?"

"இல்லம்மா, நீ சொன்னது எல்லாம் சரிதான். ஆனா குழந்தைங்க வளர வளர கால மாத்திகிட்டே இருக்கணும். இப்ப நான் செய்யறது எங்க உறுத்துச்சுன்னு ஆறு மாசத்துல அந்தக் குழந்தையே வந்து சொல்லிடும். அவங்களுக்குப் பொய் சொல்லவே தெரியல. இன்னிக்கு ஒரு வாண்டு, நீங்க மோசமா மாட்டறீங்கக்கான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வலிக்குதுன்னு கேட்டேன். தொட்டுக் காட்டுச்சு." தன் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். "இங்க. சரியா இங்கதான். கழட்டி இழைச்சேன். மறுபடி மாட்டினா, இன்னும் கொஞ்சம்கா, அப்படீங்குது..."

சாப்பாடு ஆறிப்போயிற்று. அவரும் நானும் எச்சில் கையை உலரவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.