கதிரையை இறுக்கிய மூன்று கிழமை

மச்சான்,

இன்று பிற்பகலும் நீ உட்காரும் அந்தக் கதிரை சத்தம் போட்டது. ஒரேயொரு தரம். "டிக்." என் தச்சுப் பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மின்சாரம் நின்று விசிறியும் ஓய்ந்திருந்தது. வாசலுக்கு நேரே வாவி ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. கச்சான் காற்று வீசும் காலமென்றால், மரம் காய்ந்து முறுகுகிறது என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். இன்றைக்கு அந்தக் காற்றுக்கூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

எழும்பிப் போய்ப் பார்க்கவும் கால் வரவில்லை. அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ வாசிக்க மாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே என் எழுத்தை நீ வாசித்ததில்லை. "கோழி கிண்டின மாதிரி இரிக்கு, நீயே வாசி" என்பாய். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டுக்கொண்டது உனக்குத் தெரியாததா?

பட்டறை வாசல் நிலையில் இப்போதும் உன் பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மகளை அந்த நிலையில் சாய்த்து நிறுத்தி உயரம் குறிப்பேன். "ஓடாவி, எனக்கும் ஒரு கோடு போடு" என்று நீயும் பகிடிக்கு வந்து நிற்பாய். கலியாணம் முடிக்காமல், என் பட்டறைக்குப் பின்னறையில் குடியிருந்து, வாவியில் வீச்சுவலை எறிந்து வாழ்ந்த ஆறடி ஆள் நீ. உனக்குக் கோடு போட நான் மர வாங்கில் ஏற வேண்டியிருக்கும்.

ஒரு பொங்கலுக்கு உன் கோடு பழைய கோட்டுக்குக் கீழே விழுந்தது.

"உன்ட டேப் பிழைடா" என்றாய்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த பொங்கலுக்குப் புதுடேப் வாங்கினேன். கோடு இன்னும் கீழே இறங்கியது.

"இது புதுசு மச்சான்."

"அப்ப நிலைதான் வளந்திரிக்கு."

மகள் கைகொட்டிச் சிரித்தாள். "மாமா, நான் மேல போறன், நீங்க கீழ வாறீங்க. எங்கயோ ஒரு இடத்தில சந்திப்பம்." பிறகொரு பொங்கலுக்கு இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவள் பிந்திய நாளில் உயர்ந்துபோனாள். நீ இறங்கிக்கொண்டே போனாய். கோடுகள் சந்தித்த அன்றைக்கு நான் பென்சிலைக் காதில் செருகிவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன். வானம் வெளித்திருந்தது.

மூச்சு இழுக்கும் உன் முட்டு வருத்தத்துக்கு ஒரு டொக்டர் ஒரு கிழமைக்கென்று, ஏழே நாளைக்கு, எழுதிக் கொடுத்த சின்ன வெள்ளைக் குளிசையை, நீயாகவே பாமசி மருந்துக்கடையில் வாங்கி வருசக்கணக்காக விழுங்கியது எனக்குத் தெரியும். போட்டால் மூச்சு வரும், முகம் பூசணிக்காய் மாதிரி ஊதும். முகத்தைத்தான் பார்த்தோம். அது உள்ளே எலும்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு வாளி இறாலைத் தூக்கப்போன காலையில் நீ கரையிலே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முள்ளந்தண்டில் இரண்டு எலும்பு, மிதித்த தீப்பெட்டி மாதிரி நசுங்கியிருந்தது. "எலும்பு நலிவு. வெளியால பாத்தா எலும்பு, உள்ளுக்குப் பஞ்சு" என்றார். முதுகில் கம்பி வைத்து, எலும்புகளைத் திருகாணியால் பிணைத்து, ஒன்றாக ஒட்டவைக்க வேண்டுமாம். முதலில் சில மாதம் ஊசி போட்டு எலும்பைத் தேற்றிவிட்டுச் செய்வதுதான் நல்லதாம். ஆனால் நரம்பு நெரிபட்டு உன் கால்கள் மரத்துக்கொண்டு வருவதால் காத்திருக்க ஏலாதாம். நலிந்த எலும்பில் திருகாணி தளரவும் கூடும் என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

நீ டொக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "டேய் ஓடாவி, நீ சொல்லு. கறையான் திண்ட மரத்தில ஸ்குரூ நிக்குமா?"

படித்த மனிதர் ஒருவரின் முன்னால் என் தொழிலைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டது அதுதான் முதல்தரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "நிக்கும் மச்சான். ஆழமா விடோணும், ரெண்டு பக்கமும் இழுவை சமனா இரிக்கோணும்."

டொக்டர் சிரித்தார். "சரியாச் சொல்லுறீங்க. ஆனா மரம் ஆடாம நிக்கும். இவர் ஆடுவார்."

நீ என் சொல்லை நம்பித்தான் கையெழுத்து வைத்தாய்.

எட்டுத் திருகாணி, இரண்டு கம்பி. வீட்டுக்கு வந்த அன்று உன்னை நிலையில் நிறுத்திக் கோடு போட்டேன். இரண்டு விரல் உயர்ந்திருந்தாய். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, புதிதாக நோவோ சத்தமோ வந்தால் உடனே வரவேண்டும் என்று ஆஸ்பத்திரி வாட்டில் சொன்னபோது, பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். தலையாட்டுவதற்கு ஒரு சோதனை வைத்திருந்தால் அதிலாவது நான் பாஸ் பண்ணியிருப்பேன்.

குனியாமல் உட்கார உனக்கென்று முதிரை மரத்தில் ஒரு கதிரை செய்தேன். உயரமான இருக்கை, அகலமான கைப்பிடி. ஆணியோ திருகாணியோ ஒன்றும் இல்லை, எல்லாம் மர முளை. ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். நீ ஏறி உட்கார்ந்து, "ஆணியில்லாத கதிரையில ஆணி வச்ச ஆள்" என்றாய்.

இரண்டாம் மாதம் அந்தச் சத்தம் தொடங்கியது. நீ கதிரையில் சற்றுத் திரும்பினால் "டிக்".

"உன்ட கதிரை சத்தம் போட்டு அழுகுது மச்சான்."

எனக்கு மானம் போனது. முதல் கிழமை முளைகளை அடித்து இறுக்கினேன். அடுத்த கிழமை பின்காலைக் கழற்றிப் பசை வைத்து மறுபடி பூட்டினேன். மூன்றாம் கிழமை சாய்வுப் பலகையையே மாற்றினேன். சத்தம் போகவில்லை, கொஞ்சம் பெருத்தது. ஒரு நாள் என் மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கதிரைக்குப் பாக்கிற வைத்தியத்தில பாதி அந்த மனிசனுக்குப் பாத்தா என்ன?" என்றாள். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில், வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம் என்று கதிரையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நீ நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். நானே கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். முன்னுக்கு ஆடினேன், பின்னுக்கு ஆடினேன், முழுப் பாரத்தையும் ஒரு பக்கம் போட்டேன். கதிரை கல் மாதிரி இருந்தது. அப்போது வாவியில் ஏதோ மீன் துள்ளியது. நீ அதைப் பார்க்கத் திரும்பினாய்.

"டிக்."

கதிரை என் அடியில் இருந்தது. நீ பத்தடி தள்ளி நின்றாய்.

நான் கதிரையை விட்டு எழும்பினேன். உன் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் அது இல்லை. "கதிரை நல்ல கதிரைதான் மச்சான்" என்றாய்.

கிட்ட வந்து உன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். நீ மெல்லத் திரும்பினாய். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த அசைவு என் கைக்குத் தெரியும். பிடி விட்ட திருகாணி, தன் துளையைத் தானே பெருப்பித்துக்கொண்டு உள்ளே ஆடும் அசைவு.

"எவ்வளவு நாளா நோகுது?"

"மூணு கிழமை."

"ஏன்டா சொல்லல்ல?"

"நீ கேக்கல்லையே."

அன்றைக்கே கொண்டுபோனோம். கீழ் நான்கு திருகாணியும் தளர்ந்திருந்தன. அவற்றைக் கழற்றி, துளைக்குள் சீமெந்து விட்டு, பருத்த திருகாணிகளைப் பூட்டினார்கள். அது நன்றாகத்தான் பிடித்தது. உன் நெஞ்சுதான் அந்த இரண்டாவது படுக்கையைத் தாங்கவில்லை. சளி கட்டி, முட்டு முற்றி, ஒன்பதாம் நாள் நீ போனாய். மூன்று கிழமைக்கு முன்னர் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத என்னால சொல்ல ஏலாது ஐயா" என்றார். ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.

உன்னை வாவிக்கரை மணலில்தான் அடக்கம் செய்தோம். அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். எலும்பு கரைந்து மணலோடு போகும். எட்டுத் திருகாணியும் இரண்டு கம்பியும் நீ நிமிர்ந்து நின்ற அதே வடிவில் கீழே கிடக்கும். பிடிக்க ஒன்றுமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

நீ போன பிறகு எனக்கொரு பழக்கம் தொற்றியிருக்கிறது. வீட்டில் எது கிறீச்சிட்டாலும் நான் ஆளைத்தான் பார்க்கிறேன். மகள் பிளாஸ்டிக் கதிரையில் அசைந்தால், "எங்க புள்ள நோகுது?" என்று கேட்டுவிடுகிறேன். "கதிரை அப்பா, கதிரை!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் சொல்வதை நான் நம்புவதில்லை. எழுப்பி நிறுத்தி, திரும்பச் சொல்லி, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் விடுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன், மச்சான். துணிவு வந்ததா, வெட்கம் வந்ததா தெரியவில்லை. உன் கதிரையை அன்றைக்குப் போல முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தேன். முன்னுக்கு ஆடினேன். பின்னுக்கு ஆடினேன். கல் மாதிரி இருந்தது. வாவியும் அசையவில்லை.

அப்போது பத்தடி தள்ளி, உன் கோடுகள் இருக்கும் அந்த நிலைப்பக்கம், "டிக்" என்றது.

உளி எடுக்கப் போகவில்லை. நிலையைத் தட்டிப் பார்க்கவும் இல்லை. வெறும் வாசலைப் பார்த்து, "எங்க மச்சான் நோகுது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பொழுது சாயும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.