துரையின் கழுத்துப்பட்டையும் நான் போட்ட தையலும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறேன். துரையும் என் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு இருக்கிறான். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதப்போவதைப் படிக்கும்போது நீ பயந்துபோவாய், அப்போது இந்த வரிக்குத் திரும்பி வந்து இன்னொரு தடவை படித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் எனக்கு வருகிறது, வாய் அதற்குப் பழகிப்போய்விட்டது. அதனால்தான் காகிதம்.

வீட்டில் பெரிதாக மாற்றம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன், அது நிரம்பினால் எடுத்துத் தரையைத் துடைக்கிறேன், இப்படியே போகிறது. உன் சித்தி வந்து இரண்டு நாள் இருந்தாள். நீ முன்னைப்போலப் பேசுவதே இல்லை அக்கா, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய் என்று குறைப்பட்டுக்கொண்டு கிளம்பினாள். பேசத் தெம்பு வேண்டாமா. முப்பத்தொரு வருஷமாக இந்த முன்னறையில் உட்கார்ந்து அறுந்த பைக்கெல்லாம் கைப்பிடி தைத்துவிட்டேன், இப்போது மெஷினை விட்டு எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. வேலைக்குக் குறைவில்லை, ஊரில் எல்லாருக்கும் ஜிப் போகிறது.

நீ போன வருஷக் கடைசியில் பார்சலில் அனுப்பினாயே துரைக்கு ஓர் ஆரஞ்சுக் கழுத்துப்பட்டை, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போட்ட முதல் வாரமே இரண்டு தடவை கழன்று விழுந்தது. சோபாக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் துரை பந்து எடுக்கப் போனான், பட்டை அங்கேயே கிடந்தது, அவன் மட்டும் வந்தான். இன்னொரு நாள் என் மெஷின் பெடலில் மாட்டி, டக்கென்று கிளிப் விட்டுவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. என் பெண் அவ்வளவு தூரத்திலிருந்து வாங்கி அனுப்புகிறாள், எவனோ ஒருத்தன் சொத்தைக் கிளிப்பைத் தலையில் கட்டிவிட்டானே என்று உன் பேரில் பரிதாபம் வேறு. பெட்டிக் கைப்பிடிக்குப் போடும் மெழுகு நூலை நாலு இழையாக எடுத்து, கிளிப் மேலேயே சுற்றிச்சுற்றி இழுத்துத் தைத்துவிட்டேன். இனி ஆனை இழுத்தாலும் வராது என்று அவனிடமே சொன்னேன். பழைய சாவிக்கொத்திலிருந்து ஒரு மணியை எடுத்துப் பட்டையில் கோத்திருக்கிறேன், அழகாக இருக்கிறது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், தைத்ததைச் சொல்லவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். பார்சலில் வந்த காகிதத்தைப் படித்தாயா அம்மா என்று நீ கேட்டதும் ஞாபகம் இருக்கிறது, படித்தேன் என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அன்றையிலிருந்து அந்தப் பட்டையை நான் கழற்றவே இல்லை. குளிப்பாட்டும்போதும் அவன் கழுத்தில்தான், தூங்கும்போதும் அவன் கழுத்தில்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு பயணப் பைக்கு அடித்துணி வைத்துக்கொண்டிருந்தேன். துரை பின்பக்கம் இருந்தான். துணி துவைக்கும் இடத்தில் கம்பிக் கதவு இருக்கிறதே, மேலே பூப்பூவாக வளைத்துவிட்ட கம்பிகள், அங்கே பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்ந்து இவனை வம்புக்கு இழுப்பது வழக்கம். மணிச் சத்தம் கேட்டது. வேகமாகக் கேட்டது, விடாமல் கேட்டது. கழுத்தைச் சொறிகிறான் என்று நினைத்தேன். சும்மா இருடா, தலை வலிக்குது என்று இங்கிருந்தே அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பரவாயில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று இன்னும் ஒரு வரிசை தைத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். கதவில் கறுப்பாக ஏதோ தொங்கியது. மழைக்கோட்டை யார் இங்கே மாட்டியது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நான்கு அடி தூரத்தில் நின்றுகொண்டு, நான் தினம் சோறு போடும் பிள்ளையைப் பார்த்து மழைக்கோட்டு என்று நினைத்தேன். எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கையை நீட்டினேன், சூடாக இருந்தது. பூனையைப் பிடிக்கத் தாவியவன் இறங்கும்போது பட்டை வளைகம்பியில் மாட்டி, முன்கால் தரைக்கு எட்டாமல் தொங்கியிருக்கிறான். அப்படியே அடியில் கையைக் கொடுத்துத் தோளில் தூக்கினேன், பதினாலு கிலோ. ஒரு கையால் கிளிப்பைத் தேடினால் என் தையல்தான் கைக்கு வருகிறது. நகத்தால் பிறாண்டினேன், பல்லால் கடித்தேன். அசையவில்லை. என் கை தைத்தது அல்லவா. நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்தார். ஒயர் வெட்டும் பிளேயரால் அறுத்தார், அதற்கே மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. யார்க்கா இதை இப்படித் தைச்சது, நூல் விடமாட்டேங்குதே என்றார். கீழே படுக்க வைத்ததும் துரை அசையாமல் கிடந்தான், நாக்கு நீலமாக இருந்தது என்று தம்பிதான் பிறகு சொன்னார். விலாவைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு இருமல் வந்தது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை, நீ பிறந்தபோது அழுததைத் தவிர.

நாய் டாக்டர் நல்ல பொறுமைசாலி. ஊசி போட்டார், இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் இருக்கும்போது நாய்க்குக் கழுத்தில் எதற்கம்மா பட்டை, கம்பி, கதவு, கூண்டு, இன்னொரு நாயின் பல், எது வேண்டுமானாலும் மாட்டும், ஆள் பார்க்காத நேரத்தில்தான் மாட்டும் என்றார். பட்டை இருந்த இடத்தில் முடியை விலக்கினார், ஈரம் காயாமல் கிடந்து தோல் வெந்து புண்ணாகியிருக்கிறது என்றார். நான் பார்க்கவே இல்லை. பிறகு அறுந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கிளிப் இழுத்தால் கழன்றுவிட வேண்டும் என்றுதான் இப்படிச் செய்கிறார்கள், கூட வந்த காகிதத்திலேயே எழுதியிருக்குமே, படிக்கவில்லையா என்று கேட்டார். அவரிடமும் படித்தேன் என்றே சொன்னேன் பார். அப்புறம் கையெழுத்துப் போட ஒரு தாளைக் கொடுத்தார், போட்டுக் கொடுத்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அம்மா, தேதி எழுதியிருக்கும் இடத்தின் மேலேயே போட்டிருக்கிறீர்கள், உங்கள் கண்ணை யாரிடமாவது காட்டினீர்களா என்றார்.

காட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், தள்ளிப்போடாதீர்கள் என்று அப்போதே சொன்னார்கள். தள்ளிப்போட்டேன். நீ அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தாய், சொன்னால் போட்டது போட்டபடி ஓடிவருவாய். அப்புறம் சொல்லலாம் என்று இருந்தது, அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது. தையல் எனக்கு விரல் பழக்கம், கண் இல்லாமலே ஓடுகிறது. ஒருத்தருடைய நீலப் பைக்குக் கறுப்பு ஜிப் வைத்துவிட்டேன், அவர் எடுப்பாக இருக்கிறது என்று சந்தோஷமாக வாங்கிப் போனார். வீடியோவில் நீ கூப்பிடும்போதெல்லாம் போனைத் துரை பக்கம் திருப்பிவிடுகிறேனே, அவன் உன்னைப் பார்க்க ஏங்குகிறான் என்று சொல்வேனே, உன் முகம் எனக்கு ஒரு வெளிச்சமாகத்தான் தெரிகிறது, கண்ணு. அந்த மணியும் அழகுக்கு இல்லை. அவன் எங்கே படுத்திருக்கிறான் என்று தெரியாமல் இரண்டு தடவை மிதித்துவிட்டேன், அதற்காகக் கட்டினேன். நான் விழாமல் இருக்க மணி வேண்டும் என்று கழற்றாமல் வைத்திருந்த பட்டைதான் அவனைப் பிடித்துத் தொங்கவிட்டது. அந்தக் காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது. படித்துச் சொல்லுங்கள் என்று யாரிடமாவது நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கே என் மேல் அவ்வளவு இருக்கிறது.

இப்போது துரை வீட்டுக்குள் வெறுங்கழுத்தோடு சுற்றுகிறான். புண் ஆறி முடி முளைக்கிறது. குரல்தான் கம்மிவிட்டது, குரைத்தால் கிழவன் செருமுவதுபோல இருக்கிறது, போகப் போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டர். வெளியே போகும்போது மட்டும் மார்பைச் சுற்றிப் போடுகிற வார், அதையும் வாசலில் நுழைந்ததும் கழற்றிவிடுகிறேன். மணியை நான் எடுத்து என் வீட்டுச் செருப்பில் கோத்துக்கொண்டேன். நான் நடந்தால் மணி அடிக்கிறது, துரை எழுந்து வழி விடுகிறான். இரண்டே நாளில் புரிந்துகொண்டான், உன் அம்மாவைவிடக் கெட்டிக்காரன். இந்த வயசில் சலங்கை கட்டி ஆடறீங்களாக்கா என்று மாடிவீட்டுத் தம்பி கேலி செய்கிறார். ஆடுகிறேன், யார் வேண்டாம் என்றது.

வருகிற மாதம் பதினெட்டாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன். தேதி வாங்கிவிட்டேன், இந்தத் தடவை மாற்றமாட்டேன். கூட ஒருத்தர் இருக்க வேண்டுமாம். சித்தியைக் கூப்பிடலாம், அவளும் வருவாள். உன்னைக் கூப்பிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அதனால் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன். வர முடியுமா கண்ணு? கட்டு அவிழ்க்கும்போது நீ எதிரில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாமல் ஒன்று. உங்கள் தொழிற்சாலையில் அடையாள அட்டைக்குக் கழுத்தில் ஒரு நாடா கொடுத்தார்கள், லேசாக இழுத்தாலே பின்னால் கழன்றுவிடுகிறது என்று நீ அலுத்துக்கொண்டாய். அந்த இடத்தில் இரண்டு தையல் போட்டுக்கொள் என்று நான்தான் சொன்னேன். போட்டிருந்தால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடு.

உன்
அம்மா