சத்தமாக வாசித்த பெயர்

பாலக்கரை, திருச்சி
அர்ச். பெலவேந்திரர் திருநாள், 1966

கரக்பூரில் இருக்கும் மருமகள் ரோசரிக்கு, அத்தை பரிபூரணம் சொல்லி எழுதுவது. சிலுவையில் தொங்கினவருடைய ஆறுதல் உனக்கும் என் பேத்தி பிலோமிக்கும் கிடைக்கட்டும்.

ஆத்துமாக்கள் திருநாள் காலைப் பூசையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் நான். எனக்கு வலப்பக்கம் முறுக்கு விற்கிற மிக்கேலம்மாள். பின்னால் உன் ஓரகத்தி மதலேன், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மடத்துக் கன்னியர் மூன்று பேர். ஆண்கள் பக்கம் உபதேசியார் செல்லக்கண்ணு, சோடாக்கடை சந்தியாகு. கடைசித் தூணை ஒட்டி மதலேன் புருஷன் பெரியவன், வழக்கம்போல நேரம் கழித்து வந்து நின்றான். பீடத்தில் புதுச் சாமியார். இத்தனை பேரில் சாமியாரும் நானும்தான் ஒன்றும் தெரியாதவர்கள். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ரோசரி, நீ இதுவரை நினைத்துக்கொண்டிருப்பது பொய். என் மகன் பிரகாசு செத்தது எனக்கு அன்றைக்குக் காலை ஆறே முக்கால் மணிக்குத்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தை எழுதுகிறவள் பக்கத்து வீட்டு நஜீமா டீச்சர். நம் கோயில் பங்கில் யாரையும் இனிமேல் நம்பி ஒரு கடிதம் சொல்ல எனக்கு மனசில்லை. எனக்கு எழுத வருவது நாலு பெயர்கள் மட்டும்தான். நவம்பர் பிறந்தால் வீட்டில் செத்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கொடுக்க வேண்டுமே, அதற்காக உன் மாமனார் காலமான வருஷத்தில் கன்னியரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். என் மாமனார், மாமியார், தங்கச்சி, உன் மாமனார். புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் நான் வாயால் சொன்னது கிடையாது. அதனால்தான் தாத்தா பெயரை வைத்த மூத்த மகனையும் பிறந்த நாள் முதல் பெரியவன் என்றே கூப்பிடுகிறேன். வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுதலாம், அதில் குற்றமில்லை என்று கன்னியர் சொன்னார்கள்.

முன்பெல்லாம் சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு இலத்தீனில் பூசை வைப்பார். நம் சீட்டுகளை உறையில் போட்டுக் கறுப்பு நாடா கட்டிப் பீடத்தில் வைப்பார்கள். மாதம் முழுக்க அங்கேயே இருக்கும், யார் பெயரும் யார் காதிலும் விழாது. இப்போதுதான் எல்லாம் தமிழாகி, சாமியாரும் நம்மைப் பார்த்துத் திரும்பி, மைக்கும் வைத்திருக்கிறார்களே. அக்டோபர் செபமாலை முடிந்த ஒரு நாள் புதுச் சாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன், "எங்க செத்தவங்க பேரை மட்டும் ஏன் சாமி மூடி வைக்கிறீங்க? எங்க வீட்டுக்காரர் பேரை நான் சொல்ல முடியாது. நீங்களாவது சொல்லுங்க, காதால கேட்டுட்டுப் போறேன்" என்று. அவர் சிரித்தார். இந்த வருஷம் வாசித்துவிடலாம் பாட்டி என்றார். ஆக, கேட்டு வாங்கியது நான்தான்.

அன்றைக்குக் கோயில் நடுவில் வழக்கம்போல வெற்றுச் சவப்பெட்டி வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் ஆறு மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கமாக உட்கார்ந்தேன். சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். நம் வீட்டுச் சீட்டு வந்தது. என் மாமனார் பெயர். மாமியார், தங்கச்சி. அப்புறம் உன் மாமனார் பெயர். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியும் சொல்லாத பெயர் மைக்கில் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சீட்டு. கரக்பூரில் மரித்த ஞானப்பிரகாசம் என்றார்.

வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை பெரிய ஊரில் ஞானப்பிரகாசம் எத்தனையோ பேர். ஆனால் மிக்கேலம்மாள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். ஏன் பிடிக்கிறாள் என்று திரும்பினேன். மதலேன் தலையைக் குனிந்துகொண்டாள். உபதேசியார் தரையைப் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் பெரியவனைக் காணவில்லை. அப்போது தெரிந்துகொண்டேன்.

எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேனாம். பூசை முடியும்வரை விடவில்லையாம். உள்ளே ஒன்றுமில்லை, பலகைதான் என்று எனக்குத் தெரியாதா? என் பிள்ளையை எந்தப் பெட்டியில் வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்தது அதுதான்.

பூசை முடிந்ததும் சாமியார் பாவம், நீ அவருக்கு எழுதின கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். அத்தைக்கு என் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லை என்று மூத்தார் எழுதிவிட்டார்கள், கோபத்தில் அவர்கள் சீட்டில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதாமல் விட்டிருந்தாலும் விட்டிருப்பார்கள், இந்தச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சாமி என்று எழுதியிருந்தாயே. அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நான் அப்படிச் சொல்லவில்லை ரோசரி. அந்தோணியார் அறிய நான் அப்படிச் சொல்லவில்லை.

நான் உன்மேல் கோபமாக இருந்தது உண்மைதான். ஆகமன காலம் வந்துவிட்டால் கலியாணத்துக்குக் கோயில் கதவு அடைத்துவிடும் என்று உங்கள் அப்பா அவசரப்படுத்தி, கடைசி நாளில் வைத்தார். எனக்கு இரண்டாம் பந்தியில்தான் இலை போட்டார்கள். பிரகாசுக்குப் பொன்மலையிலிருந்து மாற்றல் வந்தபோது நீயாவது வேண்டாம் என்று அழுதிருக்கலாம், அழவில்லை. இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணை வாசலில் நிற்காதே என்று சொல்கிற வாயா என் வாய்?

பெரியவன் செய்ததைக் கேள். போன மார்ச்சில் எனக்கு நெஞ்சு வலி வந்தது. அந்த வாரத்தில்தான் உன் தந்தி வந்திருக்கிறது, மூளைக் காய்ச்சலில் போய்விட்டான் என்று. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அதுவரை சரி. அப்புறம் மாதம் பிறந்தால் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஒரு நீலக் கடிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, தம்பி எழுதியிருக்கான்மா என்று வாசிப்பான். வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லையே என்றால், ஸ்ரீரங்கத்துக் கடை விலாசத்துக்கு எழுதச் சொல்லிவிட்டேன் என்பான். பிரகாசு என்றைக்கும் தேதி போட மாட்டான், உனக்குத் தெரியும். சூசையப்பர் திருநாள், சம்மனசு திருநாள் என்றுதான் ஆரம்பிப்பான், நான் வளர்த்த வளர்ப்பு. இந்தக் கடிதங்களில் ஏப்ரல், மே என்று வந்தது. ரயில்வே வேலையில் பிள்ளைக்குத் திருநாள்கூட மறந்துபோகிறது என்று நான் அதற்கும் ஒரு பரலோக மந்திரம் வேண்டிக்கொண்டேன்.

ஆத்துமாக்கள் திருநாள் கழிந்த மூன்றாம் நாள், பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டி, அவன் வேலை பார்க்கிற மளிகைக் கடைக்குப் போனேன். முதலாளி சாரங்கபாணி ஐயங்கார் எழுந்து நின்று ஸ்டூல் போட்டார். "உங்க பிள்ளை பேருக்கு ஒரு லெட்டரும் வரலையேம்மா. இங்க வர்றதெல்லாம் மண்டிக்காரா போடற சரக்கு லிஸ்டுன்னா" என்றார். வீட்டுக்கு வந்து தலையணைக்கு அடியிலிருந்த ஏழு கடிதங்களையும் நஜீமாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துவரம்பருப்பு, மல்லி, குண்டு மிளகாய் என்று எழுதியிருக்கும்மா என்றாள். அதைத்தான் நான் உதட்டில் வைத்து முத்தி செய்து படுத்திருக்கிறேன்.

பெரியவனைக் கையும் மெய்யுமாகப் பிடித்துக் கேட்டேன். அழுதான். "பாஸ்கு பண்டிகை கழியட்டும்னு இருந்தேம்மா. பாஸ்கு அன்னைக்கு நீங்க கறி ஆக்கி, பிரகாசு பேர்ல ஏழைங்களுக்குப் போட்டீங்க. அதுக்கு மேல எப்படிம்மா வாயைத் திறக்கறது?" என்றான். ரோசரியிடம் ஏன்டா என் பெயரில் அப்படி எழுதினாய் என்றேன். "அவ வந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடுமேம்மா" என்றான். இதுதான் பதில்.

அவன் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் நான் உங்களுக்காகச் சிலுவை மடித்து, தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தேன். வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. மந்திரித்த ஓலையைத் தூக்கிப்போட அவனுக்குக் கை வரவில்லை. எனக்கு அவ்வளவு பொய் சொன்னவன் ஓலைக்குப் பயந்திருக்கிறான்.

நீ இளையவள், உனக்கு இது கிழவியின் பிதற்றலாகத் தெரியலாம். ஆனால் என்னைத் தூங்கவிடாதது இதுதான். பிரகாசு செத்து ஒன்பதாம் நாள் சூசையப்பர் திருநாள். அன்றைக்கு நான் முழங்காலில் நின்று அவனுக்கு நீண்ட ஆயுசு கேட்டேன். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருந்து, அவனுக்குத் திருச்சிக்கே மாற்றல் வேண்டும் என்று கேட்டேன். மாதா பிறந்த திருநாளில் அவனுக்கு ஆண் குழந்தை கேட்டேன். உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் கிடந்து அம்மா என்று கூப்பிட்டிருப்பானே, அவன் ஆத்துமத்துக்காக எட்டு மாதம் பெற்றவள் ஒரு செபம் சொல்லவில்லை. மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்தை எந்தப் பூசை வைத்து ஈடு கட்டுவது என்று சாமியாரிடம் கேட்டேன். கடவுளுக்குத் தெரியும் பாட்டி, எல்லாச் செபமும் போய்ச் சேர்ந்திருக்கும் என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் பிள்ளை பெற்றவர் இல்லை.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த திரி வருஷா வருஷம் அனுப்புவேனே, கடைசி நேரத்தில் அதை அவன் கையில் பிடிக்க வைத்தாயா? சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தாரா? அவன் என்னைக் கேட்டானா? கேட்கவில்லை என்றாலும் அப்படியே எழுது. யாரும் எனக்காக ஒன்றையும் இனிமேல் நல்லதாக மாற்றி எழுத வேண்டாம்.

இங்கே மழை விட்டபாடில்லை, உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் படிக்கட்டைத் தொட்டுப் போகிறது. நெஞ்சு வலி பரவாயில்லை. பிலோமிக்கு இருமல் நின்றதா? குளிருக்கு அவளுக்குக் கம்பளிச் சட்டை போடு. மதலேன் சோறு போடுகிறாள், சாப்பிடுகிறேன். பெரியவனோடு பேச்சு இல்லை.

இப்போது பூசையில் பரலோக மந்திரத்தை எல்லாரும் சேர்ந்து தமிழில் சொல்கிறோம். பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடம் வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. இலத்தீனில் சாமியார் மட்டும் சொன்ன காலத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது மிக்கேலம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். நான் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கி நாலு வாரம் ஆகிறது. பொறுக்காமல் செத்தால் பிரகாசு இருக்கிற இடத்துக்கு எப்படிப் போவீர்கள் பாட்டி என்று சாமியார் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இரவும் பகலும் இருக்கிறது.

அதனால் ஒவ்வொருவராகப் பொறுத்துப் பார்த்தேன். உபதேசியாரைப் பொறுத்தேன், பயந்த ஆள். மிக்கேலம்மாளைப் பொறுத்தேன், கையையாவது பிடித்தாள். மதலேனைப் பொறுத்தேன், புருஷன் சொன்னதைச் செய்தவள். உங்கள் அப்பாவையும், அந்த இரண்டாம் பந்தியையும் சேர்த்து. உன்னிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் பெயருக்கு ஒரு செபம் வாங்கிக் கொடுத்தவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு ரோசரி. பெரியவன் வீட்டுக்கு வேண்டாம். நஜீமா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன், நானும் அங்கே வந்துவிடுவேன். விபூதிப் புதனுக்கு முன்னால் வா. பழைய குருத்தோலையை எரித்துத்தானே நெற்றியில் பூசுகிற சாம்பல் எடுப்பார்கள். அந்த டிரங்குப் பெட்டி ஓலையைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நீயும் நானும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். பிலோமி நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

இப்படிக்கு உன் அத்தை,
பரிபூரணம்

பின்குறிப்பு: இன்னும் ஒருவன் பாக்கி. அவனை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை, அதனால் என் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனாலும் சரி. பெயரை எழுது என்றால் நஜீமா மாட்டேன் என்கிறாள். "பெத்தவ வாயிலேர்ந்து வர்றதை நான் எழுத மாட்டேம்மா, எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் கெஞ்சியதால் இந்த வரிவரைக்கும் எழுதித் தருகிறாள். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுத வரும். கீழே இருப்பது என் கையெழுத்து.

சவரிமுத்து