பூச்சிச் சாயக் கூறை

அக்கா,

மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. பல்லில்லாத வாய்க்கு ரோஸ் நிற யோகட் ஒன்றுதான் இப்போது ருசிக்கிறது. நேற்று மகள் அதன் பெட்டியைத் திருப்பி வாசித்துவிட்டு, "அம்மா, இதில பூச்சிச் சாயம் போட்டிருக்கு" என்று என் காதுக்குள் சொன்னாள். ஆசாரத்தில் நெருப்பான மாமி அதை வழித்து நக்கிக்கொண்டிருந்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் நினைவுதான் வந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கனகராயன்குளத்தில் கொட்டில் போட்டபோது நீங்கள் பக்கத்து வளவு. மலைநாட்டிலிருந்து எங்களுக்கு முன்பே கலவரத்தில் அடிபட்டு வந்தவர்கள். எனக்குக் கலியாணம் பொருந்தியது. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடைத்தது வெறும் வெள்ளைச் சேலை. கலியாணக் கூறையை வெள்ளையில் உடுப்பதா என்று அம்மா அழுதா.

நீங்கள்தான் வேலியோரத்து நாகதாளிக் கள்ளியைக் காட்டினீர்கள். அதன் மடல்களில் பஞ்சுபோல ஒட்டியிருந்த பூச்சியை நசுக்கினீர்கள், விரல் சிவந்தது. காடு வெட்டும்போது கையில் பட்ட இந்தச் சிவப்பு சவர்க்காரத்துக்கும் அசையவில்லை என்றீர்கள். இருவருமாகச் சுரண்டிக் காயவைத்து, படிகாரம் போட்டு அவித்தோம். முள் குத்தி உங்கள் கை வீங்கிப்போனது. சேலையோ மாதுளம்பூ நிறத்தில் வந்தது. பூச்சி என்று அம்மாவுக்குக்கூடச் சொல்ல வேண்டாமென்று உங்களைக் கெஞ்சியவள் நான்தான்.

தாலி ஏறி, கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. சாயம் இளகி அவருடைய பட்டு வேட்டியெல்லாம் சிவப்பு. நீங்கள் நாகதாளி சுரண்டியதைக் கண்ட ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பூச்சியைக் கொன்ற சேலையிலா தாலி ஏறியது என்று மாமி நடுங்கினா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"பிள்ளை, உமக்குத் தெரியுமோ?"

"இல்லை மாமி. மரப்பட்டை எண்டுதான் அவா சொன்னவா."

நீங்கள் அங்கேயே பந்திக்கு வாழையிலை கழுவிக்கொண்டு நின்றீர்கள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் பொய் சொல்லிக் குடுத்தேன்."

இலையில் கை வைக்க வேண்டாமென்று உங்களை அனுப்பினார்கள். மலைநாட்டார் என்று தொடங்கி, சொல்லக் கூடாததெல்லாம் சொன்னார்கள். நான் பந்தியில் இருந்து சாப்பிட்டேன் அக்கா. பசித்தது, சாப்பிட்டேன்.

அதன்பிறகு எந்தக் கலியாண வீடும் உங்களைக் கூப்பிடவில்லை. வீதியில் கண்டால் "நல்லா இருக்கியா புள்ள" என்பீர்கள். அவசரமாகப் போகிறேன் என்று விலகிவிடுவேன். ஊரே கலைந்து ஓடிய காலத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று பிறர் சொல்லித்தான் அறிந்தேன். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைக்கவும் வெட்கமாக இருக்கிறது.

இன்று பின்னேரம் மாமியைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் சொன்னா:

"என்ர மருமகளுக்குப் பொய் சொல்லவே தெரியாது."

நான் கையை விடுவித்துக்கொண்டு எழும்பினேன். எல்லோருக்கும் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தேன்.